மீதி அறுபத்தொன்பது

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு நான் வகுப்பாசிரியை. தமிழ் எடுக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். டீச்சர் கண்ணாடி போட்டிருப்பதே கோபம் கீழே விழாமல் இருக்கத்தான் என்று ஒருத்தன் கட்டுரையிலேயே எழுதியிருந்தான். வாக்கியம் நன்றாக இருந்ததால் மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் திட்டினேன்.

அந்த வகுப்பில்தான் பஞ்சாயத்து இருந்தாள். பெற்றவர் வைத்த பெயர் வேறு. வருகை எடுக்கும்போது அந்தப் பெயரைச் சொன்னால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். எந்தச் சண்டை என்றாலும் அவளிடம்தான் வரும், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். குடை உடைந்த சண்டை, பந்து தொலைந்த சண்டை, ‘உன்னோட பேசமாட்டேன்’ சண்டை எல்லாம் இடைவேளையில் அவள் பெஞ்சுக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். ஆசிரியர் அறையில் எங்களுக்குள் நடக்கிற சண்டைகளையும் அங்கே அனுப்பினால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவள் விசாரிக்கிற முறையே தனி. யாரையும் அவரவர் பக்கத்தைச் சொல்ல விடமாட்டாள். “உன் பக்கம் உனக்குத் தெரியும். அது எதுக்கு எனக்கு? நீ அவனா மாறி, ‘நான்’னு ஆரம்பிச்சு, அவன் பக்கத்தைச் சொல்லு” என்பாள். தப்பாகச் சொன்னால் எதிராளி ‘இல்லை’ என்று மட்டும் சொல்லலாம். மறுபடி முதலிலிருந்து யோசித்துச் சொல்ல வேண்டும். இதற்கு ‘பக்கம் மாறிப் பேசறது’ என்று பெயர்.

ஒருநாள் நெட்டைக்கும் குள்ளனுக்கும் இடச் சண்டை. நெட்டை முதல் பெஞ்சை விடமாட்டேன் என்கிறான். பின்னால் உட்கார்ந்த குள்ளனுக்குக் கரும்பலகைக்குப் பதில் நெட்டையின் முதுகுதான் தெரிகிறது. குள்ளன் நெட்டையாக மாறிப் பேச வேண்டும்.

“நான் நெட்டை. எனக்குத் திமிரு.”

“இல்லை” என்றான் நெட்டை.

“நான் நெட்டை. எனக்கு டீச்சர்கிட்ட நல்ல பேரு வாங்கணும்.”

“இல்லை.”

குள்ளன் தலையைச் சொறிந்தான். நெட்டையை உற்றுப் பார்த்தான். பிறகு மெதுவாக, “நான் நெட்டை. எனக்குப் பின்னாடி உக்காந்தா போர்டுல எழுத்து தெரியாது. சொன்னா கண்ணாடி போட்டுடுவாங்க. எல்லாரும் சோடாபுட்டின்னு கிண்டல் பண்ணுவாங்க” என்றான்.

இந்த முறை நெட்டையிடமிருந்து ‘இல்லை’ வரவில்லை. அவன் காது மட்டும் சிவந்தது. அன்றைக்கே இருவரும் சேர்ந்து பெஞ்சைச் சுவரோரமாகக் கோணலாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் நெட்டை கண்ணாடியோடு வந்தான்; சிரித்தவர்களைக் குள்ளனே முறைத்தான். வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நெட்டை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததை அதுவரை தூக்கக் கலக்கம் என்று நினைத்து, நான்தான் அவன்மேல் சாக்பீஸ் எறிந்துகொண்டிருந்தேன்.

எல்லாம் சரி, பஞ்சாயத்துக்குக் கணக்குதான் வரவில்லை. மற்ற பாடங்களில் தட்டுத் தடுமாறிக் கரையேறிவிட்டாள். ஆண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று.

எங்கள் தலைமையாசிரியருக்கு ஆசிரியர் அறையில் ‘சதவீதம்’ என்று பெயர். “காய்ச்சல் குறைஞ்சுதா சார்?” என்று கேட்டால் “எண்பது சதவீதம்” என்பார். கெட்டவர் இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, வராந்தாவில் கிடக்கிற காகிதத்தைத் தானே பொறுக்குகிற மனிதர். ஆனால் பிள்ளைகளைப் பார்த்தால் அவருக்கு முகம் தெரியாது, எண்தான் தெரியும். “இது தொண்ணூத்திநாலு, நல்ல பையன்” என்று அறிமுகப்படுத்துவார்.

முப்பத்தொன்றைப் பார்த்ததும் பஞ்சாயத்தின் அப்பாவை மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா டெய்லர். கடைத்தெரு முனையில் ஒற்றை மெஷினோடு ஒரு சின்னக் கடை. அம்மா இல்லாத வீடு, அப்பாவும் பெண்ணும்தான். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுக்க மறந்து அப்படியே வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“இந்த வருஷம் நம்ம தேர்ச்சி தொண்ணூத்தெட்டு சதவீதம். அடுத்த வருஷம் நூறாக்கணும்னு இருக்கேன். உங்க பொண்ணு மாதிரி ரெண்டு பேர் இருந்தா அது கனவுதான்” என்றார் சதவீதம்.

டெய்லர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், “எங்க அக்கா ஊர்ல ஒரு ஸ்கூல் இருக்கு சார். லீவே விடமாட்டாங்களாம், ஒரே படிப்புதானாம். அக்காவும் ரொம்பக் கண்டிப்பு. அங்க சேத்துடறேன்” என்றார்.

“நல்ல முடிவு. வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. முடிஞ்சதும் டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க.”

அவர் போனதும் நான் சண்டைக்குப் போனேன். கோபத்தில் எனக்கு வார்த்தை வரிசையாக வராது. பெஞ்சு, நெட்டை, குள்ளன், கண்ணாடி என்று முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தேன். சதவீதம் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல பொண்ணு, நான் இல்லைங்கல. ஆனா அவ என்ன சாதிச்சா டீச்சர்? இதுக்கு எத்தனை மார்க்குன்னு எங்கே போடறது?”

கதவைச் சற்றுப் பலமாகச் சாத்திவிட்டு வந்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

பஞ்சாயத்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். “நான் போகமாட்டேன்னு சொல்லிட்டேன் டீச்சர். அப்பா போய்த்தான் ஆகணும்னு சொல்லிட்டார். அதோட வீட்ல பேச்சு நின்னுபோச்சு. சாப்பிடக் கூப்பிடறதுக்குக்கூட ரெண்டு பேரும் தட்டைத்தான் தட்டறோம்.”

“ஊரெல்லாம் பக்கம் மாறிப் பேச வைக்கறியே, உங்கப்பாகிட்ட அதைச் செய்யக் கூடாதா?”

“என் வழக்கை நானே எப்படி டீச்சர் விசாரிக்கிறது? அது நியாயமா இருக்காதே” என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு நியாயம் பேசுகிறாள். இவளைப் போகவிட்டுவிட்டு அந்த வகுப்பில் நான் என்ன தமிழ் நடத்துவது?

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வருஷ விழாவின் விசேஷம் ஒரு பலகை. வகுப்புக்கு ஒரு முதல் மாணவர் பெயரைத் தங்க நிறத்தில் எழுதி, கூடத்தில் நிரந்தரமாக மாட்டப் போகிறார்கள். தலைப்பைச் சதவீதம் தன் கைப்பட எழுதி பெயிண்டரிடம் கொடுத்திருந்தார். என்னிடம் காட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தைக்குத் தமிழாசிரியை எதற்கு என்று விட்டுவிட்டாராம். பெரிய மனிதர்கள் அப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் மாணவர்கள் மேடையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வரிசையாக நின்றார்கள். பலகையை மூடியிருந்த திரையின் கயிற்றை இழுக்க ஓர் ஆள் வேண்டும். மேடைக்கு ஓரத்தில் யார் கண்ணிலும் படாமல் நிற்கிற வேலை. அதைப் பஞ்சாயத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சதவீதம் சட்டையில் குட்டி மைக்கைச் செருகிக்கொண்டு பேசினார். “நம் பள்ளியின் பெருமை இதோ!” என்று கையைத் தூக்கினார். பஞ்சாயத்து கயிற்றை இழுத்தாள்.

தங்க எழுத்தில், கொழுகொழுவென்று, ‘சோதனையாளர்கள்’ என்று இருந்தது.

கூடம் எழுத்துக் கூட்டிப் படித்தது. பிறகு பின்வரிசையிலிருந்து, “சார், அப்போ எங்க பேருதான் வந்திருக்கணும்!” என்று ஒரு குரல். என் வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கியது. பெற்றோர் சிரித்தார்கள், ஆசிரியைகள் முந்தானைக்குள் சிரித்தார்கள். முதல் மாணவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வரிசை கலைந்தது. வருஷம் பூராவும் எங்களைச் சோதிப்பவர்கள் யார் என்று கேட்டால் நான் அந்தப் பின்வரிசையைத்தான் கைகாட்டுவேன். அந்த வகையில் பையன் சொன்னது உண்மை.

சாதனைக்கும் சோதனைக்கும் நடுவில் ஓர் இரட்டைக்கொம்புதான். இந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கினவர்களுக்குக் கொம்பு முளைப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். எழுத்திலேயே முளைத்து அன்றுதான் பார்த்தேன்.

சதவீதம் விறுவிறுவென்று மேடை ஓரத்துக்குப் போனார். அங்கே பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் மைக் இருப்பது சதவீதத்துக்கு மறந்துபோய்விட்டது. கூடம் முழுவதும் கேட்டது.

“என்னய்யா பண்ணி வச்சிருக்கே? மானம் போச்சு!”

“நீங்க எழுதிக் குடுத்ததுதான் சார். ‘சா’வுக்கு முன்னாடி ரெண்டு சுழி சுழிச்சிருந்தீங்க.”

“அது என் கையெழுத்து அழகுய்யா! கொம்பா அது?”

“எனக்குக் கொம்பாத்தான் தெரிஞ்சுது. உங்க அழகெல்லாம் எனக்கு எப்படிப் புரியும்?”

“இனிமே இந்தப் பள்ளிக்கூட வாசல்ல காலை வைக்காதே!”

“நானா வந்தேன்? நீங்கதானே கூப்பிட்டீங்க!”

மைக்கை அணைக்க நான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு குரல் கேட்டது. கயிற்றை இன்னும் கையில் பிடித்தபடி பஞ்சாயத்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள். பழக்கதோஷம்.

“சார், ஒரு நிமிஷம். அண்ணா, நீங்களும். ரெண்டு பேரும் பக்கம் மாறிப் பேசுங்க. சார், நீங்க முதல்ல. ‘நான் பெயிண்டர்’னு ஆரம்பிங்க.”

“என்ன விளையாடறியா?” என்றார் சதவீதம். கூடத்திலிருந்து என் வகுப்பு, “சொல்லுங்க சார்! ‘நான் பெயிண்டர்’!” என்று கத்தியது. அப்போதுதான் அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். மைக். முகம் வெளிறிவிட்டது. ஓடி ஒளியவும் முடியாது. முந்நூறு பேர் பார்க்கிறார்கள். மைக்கை அணைக்கப் போன நான் பாதியிலேயே நின்றுவிட்டேன். நின்றது மறதியால் அல்ல.

“நான்... பெயிண்டர்” என்றார். “நான் அஜாக்கிரதையானவன்.”

“இல்லை” என்றார் பெயிண்டர். முறை அவருக்கு அதற்குள் பிடிபட்டுவிட்டது.

“நான் பெயிண்டர். எனக்கு... எழுத்து நல்லா வரும். குடுத்ததைப் பாத்து அப்படியே எழுதுவேன். சோதனைன்னு இருக்கேன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு...” சதவீதம் நிறுத்தினார். எதையோ நினைத்துக்கொண்டவர்போல நெற்றியைத் தடவினார். “போன் பண்ணிக் கேட்டேன். ‘மீட்டிங்ல இருக்கேன், சொன்னதைச் செய்’னு சார் வச்சுட்டார்.”

பெயிண்டர் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

“அண்ணா, இப்ப நீங்க.”

பெயிண்டர் தொண்டையைச் செருமினார். “நான் தலைமையாசிரியர். எனக்குத் தலைக்கனம்.”

“இல்லை!” என்றார் சதவீதம் வேகமாக. கூடம் மறுபடி சிரித்தது. இந்த முறை அவருக்கும் உதடு கோணியது.

“நான் தலைமையாசிரியர்” என்றார் பெயிண்டர் இரண்டாம் முறை, நிதானமாக. “இந்தப் பலகைக்காக ஒரு மாசமா அலைஞ்சேன். பெயிண்டர் கடைக்கு நானே நாலு தடவை போய், பசங்க பேருல தங்கக் கலர் காஞ்சுடுச்சான்னு தொட்டுப் பாத்தேன். தலைப்பு எழுதினது கடைசி நாள்லதான். பசங்க பேரு பெருசா இருக்கணும்னு என் பேரைப் போடவேண்டாம்னு சொல்லிட்டேன். அதுல எல்லாரும் சிரிச்சுட்டாங்களேன்னு வயிறு எரியுது.”

சதவீதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “போன்ல நான்தான் சரியா பேசலை” என்றார்.

“நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் சார்” என்றார் பெயிண்டர். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து எதிலோ நனைத்து, ஒரு ஸ்டூல்மேல் ஏறி, எல்லோரும் பார்க்கக் கொம்பைத் துடைத்தார். விழா நடந்தது. அந்த வருஷம்போல எங்கள் ஆண்டு விழா கலகலப்பாக எப்போதும் நடந்ததில்லை.

அப்புறம் சதவீதம், டெய்லர், பஞ்சாயத்து, நான் என்று நான்கு பேரும் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தோம். மேஜைமேல் டி.சி. தயாராக இருந்தது.

சதவீதம் அதைத் தொடவில்லை. “கணக்குல எத்தனை வாங்கினே?” என்று கேட்டார்.

“முப்பத்தொண்ணு சார்” என்றாள் பஞ்சாயத்து, தரையைப் பார்த்து.

“மீதி அறுபத்தொம்பது எங்க போச்சுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்” என்றார். டெய்லர் பக்கம் திரும்பினார். “உங்க பொண்ணு இங்கயே இருக்கட்டுமே. ஆனா நான் சொல்லி ஆகாது, நீங்கதான் சொல்லணும்.”

டெய்லர் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார். பெண்ணைப் பார்த்தார். “நாமளும் அந்த மாதிரி பேசிப் பாக்கலாமா?”

“யாருப்பா விசாரிக்கிறது?”

“நான் இருக்கேனே” என்றார் சதவீதம் ஆசையாக.

“டி.சி. குடுக்கறதே நீங்கதானே சார். நீங்க ஒரு கட்சி.”

“அப்போ டீச்சர்?”

“டீச்சர் என் பக்கம். அதுவும் ஆகாது.”

“யாரும் வேண்டாம்” என்றார் டெய்லர். நாற்காலி நுனியிலிருந்து நகர்ந்து சரியாக உட்கார்ந்தார். “நான் பஞ்சாயத்து. எனக்கு அத்தை வீடு பிடிக்கலை. விடியறதுக்கு முன்னாடி எழுப்பிவிடுவாங்க.”

“இல்லை.”

“நான் பஞ்சாயத்து. ஃப்ரெண்ட்ஸையெல்லாம் விட்டுட்டுப் போகணும்.”

“அது கொஞ்சம்தான். இல்லை.”

டெய்லர் நாடாவை மேஜைமேல் வைத்தார். பிறகு குரல் இறங்கிப்போய், “நான் பஞ்சாயத்து. நான் போயிட்டா எங்கப்பா கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே படுத்துக்குவார். யார்கிட்டயும் பேசமாட்டார். மெஷின்கிட்டதான் பேசுவார்” என்றார்.

பஞ்சாயத்து ‘இல்லை’ என்று சொல்லவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் முறை.

“நான் டெய்லர். எனக்கு இவளை அனுப்ப மனசே இல்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் இந்த ரூமுக்கு வந்து உக்காரும்போது, தப்பா வெட்டின துணியைக் காட்டற மாதிரி என் பொண்ணைக் காட்டிப் பேசறாங்க. வெட்டினவன் நான்தானேன்னு தோணுது. இவளை வேற யார்கிட்டயாவது குடுத்தாலாவது சரியா வந்துடுவான்னு நினைச்சேன்.”

சதவீதம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

“இல்லைன்னு சொல்லிடலாம்னுதான் பாத்தேன்” என்றார் டெய்லர். “வாய் வரலை.” எழுந்து டி.சி.யை எடுத்து நான்காக மடித்துச் சதவீதத்தின் கையிலேயே கொடுத்தார்.

“கணக்கு?” என்றேன் நான். ஆசிரியை புத்தி.

“தினம் சாயந்திரம் நானே சொல்லித்தரேன்” என்றார் சதவீதம்.

“அதுக்கு அத்தை வீடே தேவலை சார்” என்றாள் பஞ்சாயத்து. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். நூறு சதவீதம்.

இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. டெய்லர் போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டு மகள் கையில் திணித்தார். “அக்காகிட்ட நீயே சொல்லிடு. எனக்குத் தைரியம் இல்லை.”

எடுத்ததுமே அத்தையின் குரல் அறையை நிறைத்தது. “என்னடி, எந்த பஸ்ஸுல வர்றே? ஒழுங்கா நேரத்தைச் சொல்லு. நான் வேலைவெட்டி இல்லாம ஸ்டாண்டுல நிக்கமாட்டேன்.”

“அத்தை, நான் முதல்ல உங்க பக்கத்தைப் பேசறேன். தப்புன்னா ‘இல்லை’ன்னு மட்டும் சொல்லுங்க.”

“என்ன உளர்றே?”

“நான் அத்தை. தம்பி பொண்ணு வர்றான்னு கேட்டதும் மாடி ரூம்ல கிடந்த சாமானையெல்லாம் கீழ இறக்கினேன். முதுகு வலிச்சாலும் பரவாயில்லைன்னு ஜன்னலுக்குப் புதுத் திரை தைச்சேன். நான் கண்டிப்புன்னு எல்லாருக்கும் தெரியும். பேச்சுத்துணைக்கு ஒருத்தி வர்றதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு யாருக்கும் தெரியாது. இப்ப அவ வரலைன்னு சொன்னா நான் கத்துவேன். ஆனா அது கோபத்துல கத்தறது இல்லை.”

இணைப்பு போய்விட்டதோ என்று டெய்லர் போனை எட்டிப் பார்த்தார்.

“திரை தைச்சது உனக்கு யாருடி சொன்னா?” என்றது அத்தையின் குரல், பாதியாகச் சுருங்கி. “உங்கப்பனுக்கே தெரியாதே.”

“யாரும் சொல்லலை அத்தை. நான் நீங்களா இருந்தா தைச்சிருப்பேன்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தை, “இந்த லீவுக்கு வந்து ஒரு மாசம் இரு. உங்கப்பனையும் கூட்டிட்டு வா. அவன் வந்து பாக்கட்டும், தையல் நேரா இருக்கான்னு” என்றார்.